சாமி இல்லாத மலை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக நான் அன்னாசிமலைக்குப் போவேன். மலாய்க்காரர்கள் அதைப் புக்கிட் நானாஸ் என்பார்கள். கோலாலம்பூர் கடைத்தெருக்களுக்குப் பின்னாலேயே, அரசாங்கம் வெட்டாமல் விட்டுவைத்த காப்புக்காடு அது. மலை என்று சொன்னாலும் பெரிய மலை இல்லை. பழனி ஏறியவர்கள் அதை மேடு என்றுதான் சொல்வார்கள். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் நான் அங்கே ஏதோ ஒரு சாமிக்கு வேண்டுதல் செலுத்தப் போவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மலையில் சாமி கிடையாது. அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். விஷயம் வெளியே வந்தால் என் ஞாயிற்றுக்கிழமை பறிபோய்விடும் என்ற பயத்தோடுதான் ஒன்பது வருஷம் ஏறி இறங்கினேன்.

பொய்யை நான் ஆரம்பிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பித்தது என் வீட்டுக்காரரின் இளைப்பு.

அவர் ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் ரயில்வே டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஆள் சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இவருக்கோ மழை வந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். அந்த ஊரில் மழை வராத மாதம் எது? டாக்டர் முடியாது என்று எழுதிவிட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். பரிசோதனைக்கு ஆறு மாதம் இருந்தது. ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் தெரிந்துவிடும் என்று, பெத்தாலிங் தெருப் பக்கம் இங்கிலீஷ் வைத்தியம் படித்த ஒரு சீன டாக்டரிடம் ஒளிந்து ஒளிந்து போய்வந்தார். அந்த டாக்டர் மருந்தைக் கொஞ்சமாகவும் புத்திமதியை நிறையவும் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் மேடு ஏற வேண்டும். வெறும் வயிற்றில் ஏற வேண்டும். ஏறும்போது வாயைத் திறக்கக் கூடாது, மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். மேலே போய் உட்கார்ந்து வெந்நீர் குடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சொன்ன சொல் பிசகாமல் நடப்பவர். ஏறும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றால் வீட்டு வாசலிலிருந்தே திறக்க மாட்டார். பாதி வழியில் மூச்சு முட்டினால் முதுகைத் தடவிவிட ஆள் வேண்டும், வெந்நீர்த் தூக்கைச் சுமக்கவும் ஆள் வேண்டும். அதனால் நானும் போனேன். ஆசைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். முதல் வாரம் என் கணுக்காலில் அட்டைகள் கொத்தாகத் தொங்கின. நான் போட்ட கூச்சலில் தலைக்கு மேலே இருந்த குரங்குகள் வேறு மரத்துக்குக் குடிபோய்விட்டன. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணால் என்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

அட்டைக்கு மஞ்சளும் எலுமிச்சம்பழமும் ஆகவே ஆகாது என்று ஆபீஸ் பியூன் சொன்னானாம். மறுவாரம் பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டேன். வழியில் தேய்த்துக்கொள்ளக் கையில் நாலு எலுமிச்சம்பழம். ஆறு மணிக்கு மேல் வரிசைக்கே பொதுவான பைப்படியில் இடம் கிடைக்காது என்பதால் இருட்டோடு எழுந்து இரண்டு பேரும் தலைக்குக் குளித்துவிடுவோம். அவரிடம் இருந்தது ஒரு ஜோடி சப்பாத்து. அதைக் காட்டுச் சேற்றில் பாழாக்க முடியுமா? வெறுங்கால்தான். நான் எப்போதுமே வெறுங்கால்.

இப்போது எங்கள் வரிசையிலிருந்து எங்களைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? ஈரத்தலை, மஞ்சள் பூசிய கால், செருப்பில்லை, கையில் எலுமிச்சம்பழம், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், புருஷனும் பெண்சாதியும் வாராவாரம் ஒரு மலையைப் பார்த்துப் போகிறார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. தமிழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் கேட்டாள். அவள் புருஷன் ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நாலு பிள்ளை பெற்றவள், வாய் கொஞ்சம் நீளம். பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"எத்தன வாரத்துக்கு நேந்துக்கிட்டீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் பார்வை காலிலிருந்து என் வயிற்றுக்கு ஏறியது. அப்புறம் புரிந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்த வரிசையில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் சம்பளம் ரயில்வேயில்தான். காலையில் பைப்படியில் சொன்ன இளைப்பு மத்தியானத்துக்குள் ஆபீஸ் மேசைக்குப் போய்விடும். காற்று வாங்கப் போகிறோம் என்றால், துரையும் துரைசானியும் கிளம்பிவிட்டார்கள் என்று ஒரு மாதம் சிரிப்பார்கள்.

"கணக்கெல்லாம் இல்லக்கா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அக்கா ஒரு கட்டிச் சூடத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். பெரிய பையன் காய்ச்சலில் கிடக்கிறான், அவன் பேரைச் சொல்லி ஏற்றிவிட்டு வா என்றாள். அப்புறம் கோடி வீட்டுக்காரி, அப்புறம் எதிர் வரிசை. ஒருத்திக்கு மாமியார் ஊருக்குப் போக வேண்டும். ஒருத்திக்குப் போன மாமியார் திரும்பி வரக் கூடாது. எல்லாச் சூடமும் என் மடியில் வந்து விழுந்தது.

ஏற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் காட்டில் நெருப்புக் கூடாது. அடிவாரத்தில் மலாய்க்கார ஜாகா ஒருவர், காட்டைக் காவல் காக்கிறவர், மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரமே என் வீட்டுக்காரரின் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "அப்பி தா போலே" என்று சொல்லித் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். கீழே போடவும் மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் கவலை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் எப்போதும் கோயில் வாசனை அடித்தது. ஆபீசுக்குப் போகும் சட்டையிலும் அடிக்கிறது என்று அவர் சிடுசிடுத்தார்.

நாலாம் மாதம் அக்கா கொடுத்ததுதான் என்னை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. தன் கடைசிப் பிள்ளைக்கு ஏணை கட்டிய சேலையில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு தொட்டில் தைத்திருந்தாள். "நாலு பிள்ளைய தாங்குன சேலடி இது. சாமி மரத்துல கட்டிட்டு வா" என்றாள். பிள்ளை இல்லை என்பதை நான் அதுவரை யார் முன்னாலும் துக்கமாகக் காட்டியதில்லை. வேண்டுதல் பொய்தான். ஆனால் அந்தத் தொட்டில் எனக்காகவே அவள் தைத்தது.

அதை டின்னில் போட முடியவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய ஜெலுத்தோங் மரம் உண்டு. நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் பக்கத்தில் முளைத்திருந்த சின்ன மரத்தின் கிளையில் தொட்டிலைக் கட்டினேன். கட்டிவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். என் வீட்டுக்காரர் கிட்டே வந்து நான் போட்ட முடிச்சைப் பார்த்தார். அது தளர்வாக இருந்தது. அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

பரிசோதனை நாள் வந்தது. குழாய் வைத்துப் பார்த்த டாக்டர் துரை இரண்டே நிமிஷத்தில் சரி என்று எழுதிவிட்டாராம். அன்றைக்கு வீட்டில் பாயசம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருட்டில் நான் குளித்து மஞ்சள் பூசிவிட்டு வந்து பார்த்தால், அவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"எந்திரிங்க, நேரமாச்சு."

"எங்க?"

"மலைக்கு."

"அதான் பாஸ் ஆயிட்டேனே. இன்னும் என்ன மலையும் மண்ணாங்கட்டியும்?"

"வேண்டுதல பாதியில வுட்டா நாலு பேரு என்ன ஏதுன்னு கேப்பாங்க."

அவர் போர்வையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "வேண்டுதலா? எங்கிட்டயே கத வுடுறியா?"

வெந்நீர்த் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, எழுந்து உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு ஒப்பந்தம். அவர் அடிவாரம் வரைக்கும் வருவார். அங்கே சீனன் காப்பிக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் ஏறிவிட்டு வர வேண்டும். அந்த ஒப்பந்தத்தை அவர் ஒரு வாரமும் மீறியதில்லை. மனிதர் அப்படி.

முதல் நாள் தனியாக வந்த என்னை ஜாகா நிறுத்தி, எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். "செம்பாயாங்" என்று கையைக் கூப்பிக் காட்டினேன். சாமி கும்பிடப் போகிறேன் என்றால் யார் தடுப்பார்கள்? தலையை ஆட்டி விட்டுவிட்டார். அவரிடமும் பொய்.

அந்த மலையில் எனக்கு என்ன இருந்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் திருப்பத்தில் மூங்கில் கூட்டம். காற்றடித்தால் கதவு திறக்கிற மாதிரி முனகும். அதற்கு மேல் வேர்களே படிக்கட்டு. ஒன்பது வருஷத்தில் எந்த வேர் வழுக்கும், எது வழுக்காது என்று என் காலுக்கே தெரிந்துவிட்டது. கறுத்த குரங்குகள் உண்டு. அவற்றின் குட்டி மட்டும் நல்ல ஆரஞ்சு நிறம். முதலில் பார்த்தபோது எங்கேயோ திருடிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். உச்சியில் மரங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வழியே ரயில் நிலையத்தின் கும்மட்டங்களும் கிள்ளானுக்குப் போகிற வண்டியின் புகையும் தெரியும். வீட்டில் விழித்தது முதல் படுக்கிறவரை என் கையில் அகப்பையோ துடைப்பமோ குடமோ இல்லாத நேரம் கிடையாது. அங்கே உட்கார்ந்தால் கை மடியில் சும்மா கிடக்கும். அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதற்காகத்தான் போனேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அங்கேயே மொட்டையடித்துப் பொங்கல் வைத்து வேண்டுதலை முடித்திருப்பார்கள், மலையும் அதோடு முடிந்திருக்கும். பிறக்காததால் என்னைப் போகாதே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பாவம், போகட்டும் என்று வழிவிட்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொட்டிலைப் பார்த்து அழுவேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்க்காமலே சந்தோஷமாகத் தாண்டிப் போய்விடுவேன். இரண்டும் நான்தான்.

அப்புறம் ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள், பிறகு ரயிலிலும் குறைத்தார்கள். நிரந்தரமான கிராணி என்பதால் என் வீட்டுக்காரர் தப்பினார். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் தப்பவில்லை. வியாழக்கிழமை கப்பல் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை, பைப்படியில் பத்துப் பேர் நிற்கும்போது அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு நானும் ஒங்கூட வரேன்டி. ஒம்போது வருசமா சூடம் குடுத்தனுப்புறேன், அந்தச் சாமி மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

"பாத்துட்டு வந்து சொல்லுங்கக்கா" என்றாள் கோடி வீட்டுக்காரி. "அடுத்த வாரம் நாங்க எல்லாரும் சேந்து போறோம்."

ராத்திரி அவரிடம் சொன்னேன். "காய்ச்சல்னு படுத்துக்கோ" என்றார். அக்கா கப்பல் ஏறப் போகிறாள். திரும்பி வரப்போவதில்லை. அவளிடம் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. விடிந்ததும் பிஸ்கட் டின்னைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா காலெல்லாம் மஞ்சள் பூசி, ஒரு தேங்காயோடு வந்தாள். உடம்பு கனத்தவள். மூங்கில் கூட்டத்துக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். எந்த வேரில் கால் வைக்க வேண்டும் என்று நான் காட்டிக்கொண்டே முன்னால் போனேன். ஆரஞ்சுக் குட்டியைப் பார்த்து, "அடி ஆத்தி, இது ஆரு பெத்தது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தொட்டில் கட்டிய மரத்தடிக்கு வந்தோம். துணி வெளுத்து, ஒரு பக்கம் கிழிந்து, முடிச்சு மட்டும் கெட்டியாக இருந்தது. அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஜெலுத்தோங் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"சாமி எங்கடி?"

"இல்லக்கா."

"இன்னும் மேல ஏறணுமா?"

"சாமியே இல்லக்கா. எங்கயும் இல்ல." நான் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இளைப்பு, சீன டாக்டர், மஞ்சள், அட்டை, பரிசோதனை. "அவரு பாஸ் ஆனப்பவே நின்னுருக்கணும். எனக்குப் புடிச்சுப்போச்சுக்கா. அதனாலதான் வந்துக்கிட்டு இருக்கேன்."

அக்காவின் முகம் இறுகிவிட்டது. "எம் பெரியவன் காச்சல்ல கெடந்தப்ப குடுத்தேனே. அந்தச் சூடம்?"

"ஒண்ணு வுடாம இதுலதாங்க்கா இருக்கு" என்று டின்னை எடுத்து மூடியைத் திறந்தேன்.

உள்ளே காகிதங்கள்தான் இருந்தன. ஒன்பது வருஷத்துச் சூடமும் கரைந்து, அடியில் நகக்கண் அளவுக்குச் சில துணுக்குகள். வாசனை மட்டும் குப்பென்று வந்தது. வருஷக்கணக்காக மேலே மேலே போட்டு மூடினேனே தவிர, அடியில் என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவே இல்லை. அவமானமாக இருந்தது. அக்கா டின்னைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

"நாலு மொளகு போட்டு வச்சிருந்தா இப்பிடிக் காத்துல போயிருக்குமா? குடும்பம் நடத்துறவதானே நீ?"

திட்டுவாள் என்று நினைத்தேன். இதற்குத்தான் திட்டினாள். பிறகு வேரின் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"சாமியும் இல்ல. அப்ப நீ இங்க வந்து என்னதான் பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்க்கா. நடப்பேன். கொஞ்ச நேரம் ஒக்காந்திருப்பேன்."

"ஒண்ணுமே பண்ணாமயா?"

"ஒண்ணுமே பண்ணாம."

அக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள். "கப்பல்லேருந்து எறங்குன நாள்லேருந்து நான் அப்பிடி ஒரு நாளு ஒக்காந்ததில்லடி" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிள்ளான் வண்டி ஒன்று போய், இன்னொன்று வரும்வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவள் தேங்காயை வேரில் ஓங்கி உடைத்தாள். கொண்டுவந்ததை வீணாக்குவானேன் என்று இரண்டு பேரும் தின்றோம். இறங்கும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பிக்கடையில் என் வீட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பைப்படியில் எல்லோரும் காத்திருந்தார்கள். "என்னக்கா, பாத்தீங்களா? எப்பிடி இருக்கு சாமி?" என்று கோடி வீட்டுக்காரி கேட்டாள்.

அக்கா குழாயைத் திறந்து காலில் இருந்த மஞ்சளைக் கழுவினாள். நிதானமாகக் கழுவினாள்.

"பாத்தேன். பெரிய சாமி" என்றாள். "ஆனா கூட்டமாப் போனா ஆவாது. நானே போயிருக்கக் கூடாது, ஊருக்குப் போறவன்னு வுட்டுருச்சு. நேந்துக்கிட்டவ ஒருத்திதான் போவணும், அவ சாவுற வரைக்கும் போவணும். ஒருத்தரும் அவளத் தடுக்காதீங்க. சூடமும் குடுக்காதீங்க, அந்தச் சாமிக்குச் சூடம் புடிக்கல."

என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வியாழக்கிழமை நான் ரயில் நிலையத்துக்குப் போனேன். சாமான்களும் பிள்ளைகளுமாக இருந்த நெரிசலில் அவளிடம் ஒன்றும் பேச முடியவில்லை. ஒரு பொட்டலம் மிளகை என் கையில் திணித்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போகிற வண்டியில் ஏறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருட்டில் எழுந்து குளித்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பைப்படியில் நின்ற பெண்கள் குடங்களை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்கள். ஒருத்தியும் சூடம் நீட்டவில்லை.